மயிலை எதை அரைத்தது

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர் பூக்கட்டுகிற பிரமு அக்கா. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆவணி மாதம், என் சின்ன மகன் கல்யாணத்துக்கு மாலை சொல்லிவிட்டு வரலாம் என்று அவர் கடைக்குப் போயிருந்தேன். மாலை கட்டுவதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். அக்கா, "உக்காரு, சொல்லுதேன்" என்று ஒரு சாக்கை இழுத்துப் போட்டார். நான் என்ன கேட்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அக்காவின் தம்பி பட்டமுத்து, மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடத்தில் சமையல்காரர். இது அவர் கண்ணெதிரே நடந்தது.

அந்த மடத்தில் மொத்தமே நாலைந்து பேர்தான். ஒரு பழைய சாமியின் சமாதி, ஒரு கிணறு, ஒரு கொட்டகை, கொட்டகையில் ஒரு பசு. சாம்பல் நிறப் பசு, மயிலை என்று பேர். ஒரு நொண்டி நாயும் உண்டு. அதற்குப் பேர் வைக்கவில்லை, கூப்பிடாமலே வரும்.

மடத்தைப் பார்த்துக்கொண்ட சாமிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மாட்டுவண்டி ஓட்டிப் பிழைத்த வீட்டில் பிறந்தவர். அவரிடம் சீடராக வந்த தாணுலிங்கத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவை விட சீடர்தான் மூத்தவர். ஒரு டாக்டரிடம் முப்பத்தொரு வருஷம் கம்பவுண்டராக இருந்து ஓய்ந்தவர். மடத்திலும் எல்லோருக்கும் அவர் கம்பவுண்டர்தான். ஊசி போட்டுப் போட்டு, பேசும்போதுகூட இரண்டு விரலும் கட்டைவிரலும் எதையோ பிடித்தபடியே இருக்குமாம்.

அவருக்குக் காவி வாங்க வேண்டும் என்று ஆசை. சும்மா ஆசை இல்லை. அதற்காக வீட்டை விட்டு வந்தவர்.

பெண்டாட்டி பிள்ளை உள்ள ஆள் காவி கேட்டால் அந்த மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்காரி தன் கையால் ஒரு வெள்ளை வேட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும். அதைக் காவி மண்ணில் முக்கி, காயவைத்து, அதைத்தான் கட்டிவிடுவார்கள். கடையில் வாங்கி வருகிற வேட்டி செல்லாது.

கார்த்திகை கடைசியில் கம்பவுண்டர் ஊருக்குப் போய், இரண்டாம் நாளே வேட்டியோடு திரும்பி வந்துவிட்டார்.

சாமி வேட்டியை வாங்கவில்லை. கேட்டார்.

"அவங்களே கொடுத்தாங்களா?"

"ஆமா சாமி. ஆவுடை கையாலதான். பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தா."

"அழுதாங்களா?"

"ஒரு சொட்டு இல்ல."

"கோபமா ஏதாவது?"

"அவ குணமே அப்படிக் கிடையாது சாமி. முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு தடவை சத்தம் போட்டதில்ல. பிரசவத்துக்கே கத்தாதவ."

"வேட்டியைக் கொடுத்துட்டு என்ன பண்ணினாங்க?"

கம்பவுண்டர் யோசித்தார். அதெல்லாம் ஒரு கேள்வியா என்று அவருக்கு இருந்தது.

"முறத்தை எடுத்து வச்சு அரிசியில கல்லு பொறுக்கிட்டு இருந்தா. நான் செருப்புப் போட்டேன். 'வாரேன் ஆவுடை'ன்னேன். தலையை ஆட்டினா. பக்குவப்பட்ட மனசு சாமி அது."



"தைப்பூசம் வரட்டும்" என்றார் சாமி. "வேட்டி உங்க பெட்டியிலேயே இருக்கட்டும்."

அந்த வாரத்தில் நாயின் காலில் முள் ஏறிவிட்டது. மடமே அதிரக் கத்தியது. கம்பவுண்டர்தான் பிடித்து, முள்ளைப் பிடுங்கி, மஞ்சள் வைத்துக் கட்டினார். கட்டி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே சாமியிடம் கேட்டார்.

"ஒரு கருவேல முள்ளுக்கு இந்தப் பாடு படுத்துதே சாமி. மனுஷனும் இப்படித்தான். எங்க ஆஸ்பத்திரியில ஊசியைப் பார்த்ததுமே கத்துவான். சத்தம் போடுறவனை நான் முதல்ல டாக்டர்கிட்ட உள்ளே விடுவேன். சத்தம் இல்லாதவங்க பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. உடம்பு வலி, மனசு வலி, ரெண்டையும் ஜெயிச்ச ஜீவன்னு ஒண்ணு உண்டா? இருந்தா அதுகிட்ட நான் படிக்கணும்."

சாமி சிரித்தார்.

"மார்கழி பிறக்குது. பட்டமுத்துக்கு அடுப்படி வேலையே சரியாயிருக்கும். மயிலையை நீங்க பாத்துக்கிடுங்க" என்றார்.

கம்பவுண்டருக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தம். தியானம் சொல்லிக் கொடுப்பார் என்று பார்த்தால் சாணி அள்ளச் சொல்கிறாரே என்று. ஆனாலும் மனம் கோணாமல் செய்தார்.

மார்கழி மாதம் சமாதிக்கு மாலை நிறைய வரும். பெரிய பெரிய மாலை, அடியில் குஞ்சம் வைத்தது. மறுநாள் காலையில் அந்த மாலையெல்லாம் மயிலைக்கு. பட்டமுத்து பார்த்துக்கொண்ட காலத்தில், கிணற்றடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பூவை உருவி உருவி ஒரு கூடையில் போட்டு, அப்புறம்தான் வைப்பாராம். அதற்கு அரைமணி நேரம் ஆகும். கம்பவுண்டருக்கு அந்த நேரம் ஜபத்துக்கு வேண்டியிருந்தது. மாலையை அப்படியே மயிலையின் கழுத்தில் போடுவார். கன்னத்தில் போட்டுக்கொள்வார். பிறகு கழற்றி அப்படியே வாயருகில் வைப்பார். மயிலை நாக்கை நீட்டிச் சுருட்டி இழுத்துக்கொள்ளும். மாடு மென்று விழுங்குவதில்லை. முதலில் விழுங்கும், மெல்லுவதெல்லாம் பிறகுதான்.

மார்கழி பாதியில் சாமி ஒரு காரியமாக வெளியூர் போனார். வருவதற்குப் பத்து நாள் ஆயிற்று.

அந்தப் பத்து நாளில் மயிலை மாறியது.

படுக்கவில்லை. நின்ற இடத்தில் நின்றது. முதுகை லேசாக வளைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, ஈ உட்கார்ந்தால்கூட வாலை வீசாமல் நின்றது. வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. வாய் மட்டும் மெதுவாக அசைந்துகொண்டே இருந்தது.

கம்பவுண்டர் அதன் முன்னால் கைகட்டி நின்றார்.

"பட்டமுத்து, இங்க வா. பார்த்தியா? தியானத்துல இருக்கு."

பட்டமுத்து கரண்டியோடு வந்து பார்த்தார்.

"பால் பாதியாப் போச்சு அண்ணாச்சி. தியானம் பண்ணினா பால் குறையுமோ?"

"நேத்து ஏகாதசி. பட்டினி கிடந்திருக்கு. உனக்குத் தெரியுமா அதெல்லாம்?"

"நேத்து ஏகாதசி சரி. இன்னைக்கு?"

"சில ஜீவன்களுக்கு விரதம் தொடரும்."

"எனக்கு அப்படி எதுவும் தொடர மாட்டேங்குதே அண்ணாச்சி. பதினோரு மணிக்கே வயிறு கூப்பிடுது" என்று சொல்லிவிட்டுப் பட்டமுத்து அடுப்படிக்குப் போய்விட்டார். "ஆனா, மாட்டு டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்று அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"முப்பத்தொரு வருஷம் வைத்தியம் பார்த்தவன் நான். நோவு கண்ட ஜீவன் கத்தும்வே. இது கத்துச்சா?"

பட்டமுத்து அதற்கு மேல் பேசவில்லை. கம்பவுண்டர் படித்தவர் அல்லவா.

மடத்துக்கு வந்தவர்களையெல்லாம் கொட்டகைக்குக் கூட்டிப் போய்க் காட்டினார் கம்பவுண்டர். சில பெண்கள் மயிலையைச் சுற்றி வந்து கும்பிட்டார்கள். குங்குமம் வைத்தார்கள். இன்னும் இரண்டு மாலை சேர்ந்தது.

சாமி திரும்பி வந்த காலை, கால் கழுவுவதற்கு முன்னாலேயே கம்பவுண்டர் போய் நின்றார்.

"சாமி, கேட்டதுக்குப் பதில் கிடைச்சுது. மயிலைகிட்ட விட்டதே அதுக்குத்தான்னு இப்பப் புரியுது. வலி, பசி எதுவுமே தொடாத ஜீவன். வந்து பாருங்க."

சாமி கொட்டகை வாசலில் நின்று பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது என்று பட்டமுத்து சொன்னாராம்.

"கம்பவுண்டர், அது தாடைகிட்ட காதை வைங்க."

கம்பவுண்டர் குனிந்து காதை வைத்தார்.

"என்ன கேக்குது?"

"அசை போடுது சாமி."

"அசை போடுத மாடு மென்னு முழுங்கும். முழுங்கினதும் கீழேயிருந்து அடுத்த உருண்டை தொண்டையில ஏறி வரும். கண்ணுக்கே தெரியும். கழுத்தைப் பாருங்க. ஏறுதா?"

கம்பவுண்டர் பார்த்தார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். வாய் அசைந்துகொண்டே இருந்தது. கழுத்தில் எதுவும் ஏறவில்லை, இறங்கவில்லை.

"இல்ல சாமி."

"வாயைத் திறந்து பாருங்க."

உதட்டை விலக்கிப் பார்த்தார். வெறும் எச்சில்.

"வாயில ஒண்ணுமில்ல சாமி."

"பிறகு அது எதை அரைக்குது?"

கம்பவுண்டர் மறுபடி காதை வைத்தார். இப்போது கேட்டது. நறநறவென்று, பல்லோடு பல் உரசுகிற சத்தம். பத்து நாளாக அதே சத்தம்தான். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறது மாடு.

மாட்டு டாக்டரம்மா மதியத்துக்குள் வந்துவிட்டார். சின்ன வயசுப் பெண். மயிலையின் நெஞ்சுக்கடியில் கைமுட்டியை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். மயிலையிடமிருந்து முனகல் ஒன்று வந்தது. அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்ட யாராலும் நிமிர்ந்து நிற்க முடியவில்லையாம்.

"கம்பி முழுங்கியிருக்கு" என்றார் டாக்டரம்மா. "திறந்துதான் எடுக்கணும்."

நிற்க வைத்தே இடது விலாவில் மரத்துப்போக ஊசி போட்டு, கிழித்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டார். கம்பவுண்டர் மயிலையின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கத்தவே இல்லையேம்மா. ஒரு தடவைகூடக் கத்தலையே. நாய்க்கு முள் குத்தினா ஊரைக் கூட்டுச்சே."

"நாய் கூட்டத்துல பிறந்தது. கத்தினா இன்னொண்ணு வந்து நக்கிக் கொடுக்கும். மாட்டு இனம் அப்படி இல்ல. காட்டுல கத்தினா, இது சீக்குன்னு தெரிஞ்சு புலி முதல்ல அதைத்தான் பிடிக்கும். அதனால காட்டிக்கிடாது. சாகுற வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கும்."

"அப்போ, கேக்க ஆளு இருந்தாத்தான் கத்துமோ?"

"அந்தத் தட்டை இங்க நீட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

தட்டில் விழுந்தது கம்பி. மெல்லிய கட்டுக்கம்பி, சுருள் சுருளாக. அதோடு ஒட்டிக்கொண்டு ஜிகினா, சிவப்புக் குஞ்சத்து நூல். ஒரு துண்டு மட்டும் நேராக, ஊசி மாதிரி இருந்தது. அதுதான் இரைப்பையைத் துளைத்து நெஞ்சுப் பக்கம் ஏறப் பார்த்தது என்று டாக்டரம்மா காட்டினார்.

கம்பவுண்டர் அந்தத் துண்டை இரண்டு விரலும் கட்டைவிரலுமாக, ஊசி பிடிப்பது போலவே எடுத்துப் பார்த்தார்.

பட்டமுத்து எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கம்பவுண்டர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கம்பவுண்டர் சாமியிடம் வந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான்தான் சாமி கொடுத்தேன். என் கையாலதான்."

"தெரியும்."

"கொடுத்துட்டுக் கும்பிட்டேன். பத்து நாளு. வர்றவங்களையும் கும்பிட வச்சேன்."

சாமி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கம்பவுண்டர் பிற்பாடு பட்டமுத்துவிடம் சொன்னாராம்.

மாட்டுப் பொங்கல் வந்தது. மயிலைக்குக் கொம்பில் மஞ்சள் பூசினார்கள். மாலை போட யாருக்கும் கை வரவில்லை. கம்பவுண்டர் கொட்டகையிலேயே சாக்கை விரித்துக்கொண்டார். புண்ணைக் கழுவுவார், மருந்து வைப்பார். மற்ற நேரமெல்லாம் மயிலையின் கழுத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஜபமாலை ஆணியில் தொங்கியது.

பொங்கல் கழிந்து ஐந்தாம் நாள், காலை வெயிலில், மயிலையின் தொண்டையில் ஒரு உருண்டை மெதுவாக ஏறியது. வாய் அசைந்தது. விழுங்கியது. இன்னொரு உருண்டை ஏறியது.

"பட்டமுத்து!" என்று கத்தினார் கம்பவுண்டர். பட்டமுத்து தோசைக் கரண்டியோடு ஓடிவந்தார். இரண்டு பேரும் மாட்டின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுப்பில் தோசை கருகியது.

"இது நிஜ அசை அண்ணாச்சி" என்றார் பட்டமுத்து.

கம்பவுண்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார். மயிலையின் வாயையே பார்த்தார். பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கிணற்றடியில் போய் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் சாமி காவி மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தார். கம்பவுண்டர் பெட்டியிலிருந்து வேட்டியை எடுத்து வந்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"சாமி, நான் வேட்டி கேட்டுப் போன அன்னைக்கு, ஆவுடை அரிசியில கல்லு பொறுக்கினா."

"சொன்னீங்க."

"அந்த அரிசி நான் வாங்கிப் போட்டது. பை அரிசி சாமி. மிஷின்ல கல்லெடுத்தது."

சாமி கரைப்பதை நிறுத்தினார்.

"அதுல கல்லே கிடையாது சாமி."

கொட்டகையில் மயிலை அசை போடுகிற சத்தம் கேட்டது.

"ஒரு மணி நேரம் நான் எதுத்தாப்புல உக்காந்து பெட்டி அடுக்கினேன். அவ ஒவ்வொரு அரிசியா தள்ளிக்கிட்டே இருந்தா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். பக்குவம்னு வந்து சொன்னேன் உங்ககிட்ட. என்ன முகத்தோட அவகிட்டப் போவேன்? போய் என்னன்னு சொல்லுவேன்?"

"ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் சாமி. "பக்கத்துல உக்காந்து நீங்களும் கல்லு பொறுக்குங்க."

"எதுவரைக்கும் சாமி?"

"அவங்க முறத்தைக் கீழே வைக்கிற வரைக்கும்."

கம்பவுண்டர் வேட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வெள்ளையாகவே.

இவ்வளவுதான் பிரமு அக்கா சொன்னது. சொல்லி முடித்தும் அவர் கை நிற்கவில்லை. வாழைநாரைக் கிழித்து, எச்சில் தொட்டு முறுக்கிக்கொண்டே இருந்தது.

நான் கேட்ட கேள்வி இதுதான்: "எல்லாக் கடையிலும் கம்பி வச்சு இறுக்கமா, சீக்கிரமா கட்டிக் கொடுக்காங்களே, நீங்க மட்டும் ஏன் அக்கா நாரைப் போட்டுக் கஷ்டப்படுதீங்க?"

அக்கா நாரைப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்த மார்கழியில மடத்துக்கு மாலை கட்டிக் கொடுத்தது நான்தானே."

வெள்ளிக்கிழமைதோறும் சாமி படத்து மாலையை நானும் தெருப் பசுவுக்குத்தான் வைப்பேன். மூத்தவள் கல்யாண மாலையை, புண்ணியம் என்று நினைத்து, இந்தக் கையாலேயே ஊட்டிவிட்டிருக்கிறேன். அந்தப் பசு அதற்குப் பிறகு எப்படி நின்றது என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை.

இதைக் கேட்டவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. மாலையைப் பசுவுக்குக் கொடுப்பதற்கு முன்னால், ஒரு நிமிஷம் உட்கார்ந்து, கம்பியை உருவி எடுத்துவிடுங்கள்.